அப்பா நினைவு அட்டைக்கு எந்த வசனம்?

லில்லி: எல்லோருக்கும் தோத்திரம். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெப அட்டை இன்று இரவுக்குள் அச்சுக்குப் போக வேண்டும். வசனம் மட்டும்தான் பாக்கி. ஏசாயா 9:6, "நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்" என்று நினைத்திருக்கிறேன். வேறு எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அச்சடித்த பிறகு சொல்லாதீர்கள்.

ராஜன்: ஆமென்

எஸ்தர்: அது கிறிஸ்துமஸ் வசனம் இல்லையா அண்ணி

லில்லி: அப்பா காலை ஜெபத்தில் விடாமல் சொன்ன வசனம்

பிரின்சி: அம்மா எந்தப் படம்? கண்ணாடி போட்டதா, போடாததா?

லில்லி: போட்டது

எஸ்தர்: போடாததில்தான் மாமா முகம் தெளிவு

ஜெபா: ஒன்று கேட்கலாமா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் நண்பன் ஒரு யூத ரபீ, அதாவது அவர்கள் மதகுரு, பேசும் காணொளி அனுப்பினான். ஏசாயா 9 எசேக்கியா ராஜாவைப் பற்றியதாம், வரப்போகும் இரட்சகரான மேசியாவைப் பற்றியதே இல்லையாம். எபிரெய வேதத்தில் அது 9:5. இயேசு தேவன் என்பதே 325இல் நிசேயாவில் சபைத் தலைவர்கள் கூடிப் பேசி முடிவு செய்ததுதான் என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ராஜன்: போச்சு

எஸ்தர்: ஜெபா, இது நேரமா

சாமுவேல்: கேட்கட்டும் எஸ்தர். அப்பா இருந்திருந்தால் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசியிருப்பார். ஜெபா, ரபீ சொல்வது புதிதல்ல. 11ஆம் நூற்றாண்டிலேயே யூத வேத அறிஞர் ராஷி அப்படித்தான் விளக்கினார். அந்த வசனத்தில் வரும் ஆலோசனைக்கர்த்தா, வல்லமையுள்ள தேவன், நித்திய பிதா எல்லாம் பெயர் சூட்டுகிற கடவுளைக் குறிக்கும், பிள்ளைக்குரிய பெயர் சமாதானப்பிரபு மட்டும் என்று. ஆகாஸ் ராஜாவின் காலத்தில் பேசிய வார்த்தை என்பதால் அவன் மகன் எசேக்கியாவை நினைப்பது இயல்புதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வசனத்தையும் படி. தாவீதின் சிங்காசனத்தில் அவருடைய கர்த்தத்துவத்துக்கு முடிவில்லை என்று இருக்கிறது. எசேக்கியாவுக்குப் பிறகு வந்தவன் மனாசே. அவன் செய்ததை 2 இராஜாக்கள் 21இல் பார். கி.மு. 586இல் எருசலேமே விழுந்தது, அதற்குப் பிறகு தாவீதின் வீட்டார் யாரும் அந்தச் சிங்காசனத்தில் உட்காரவில்லை. அப்படியானால் அந்த வாக்கு எங்கே போயிற்று? ஆதி விசுவாசிகள் இந்தக் கேள்வியோடுதான் ஏசாயாவைப் படித்தார்கள்.

பிரின்சி: மாமா நீளம்

லில்லி: சாமு, அட்டைக்கு வசனம் கேட்டேன், பிரசங்கம் கேட்கவில்லை

ஜெபா: பெரியப்பா நிசேயா?

சாமுவேல்: வருகிறேன்.

ராஜன்: மாப்பிள்ளை வருகிறேன் என்றால் அரை மணி நேரம். நான் போனை சார்ஜில் போடுகிறேன்

எஸ்தர்: அண்ணி, பாட்டுப் புத்தகம் யார் கொண்டுவருகிறார்கள்?

லில்லி: பிரின்சி

பிரின்சி: நானா?

சாமுவேல்: நிசேயாவில் நடந்த சண்டை வேறு. அங்கே எதிர்க்கப்பட்ட ஆரியு என்ற சபை மூப்பரும் கிறிஸ்துவை உயர்த்தித்தான் பேசினார், ஆனால் குமாரன் படைக்கப்பட்டவர் என்றார். பிதாவுக்கும் குமாரனுக்கும் உள்ள உறவை எப்படிச் சொல்வது என்பதுதான் அங்கே கேள்வி. கிறிஸ்துவைத் தொழுவது அதற்கு முன்பே இருந்தது. சுமார் 112இல் பித்தினியா ஆளுநர் பிளினி, ட்ராஜன் பேரரசனுக்குக் கடிதம் எழுதினான். அவன் கிறிஸ்தவனே அல்ல, அவர்களை விசாரித்துத் தண்டித்தவன். விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறான். நிசேயாவுக்கு 200 வருஷம் முன்பு.

ஜெபா: இது தெரியாது

சாமுவேல்: அதற்கும் முன்பு பவுல் பிலிப்பியருக்கு எழுதியது. ஏசாயா 45ஆம் அதிகாரம் எதைப் பற்றி என்று நினைக்கிறாய்? நானே தேவன், வேறொருவரும் இல்லை என்று கர்த்தர் திரும்பத் திரும்பச் சொல்கிற அதிகாரம். அங்கே 23ஆம் வசனம், "முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும்". பவுல் யூதன், பரிசேயன், விக்கிரகம் என்றாலே நடுங்குகிறவன். அவன் அந்த வசனத்தை எடுத்து, இயேசுவின் நாமத்தில் முழங்கால் யாவும் முடங்கும் என்று எழுதுகிறான். யேகோவாவுக்கு மட்டும் உரியது என்று ஏசாயா சொன்ன இடத்திலேயே சிலுவையில் செத்த நாசரேத்தூராரை வைக்கிறான்! இதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

லில்லி: ஆமென். இதை அப்பாவும் சொல்லுவார்

ராஜன்: 🙏🙏

எஸ்தர்: ஜெபா, படி. அப்புறம் கேள்

ஜெபா: சங்கீதம் 110க்கும் அந்த ரபீ ஒன்று சொன்னார். கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி என்பது ஆபிரகாமைப் பற்றியதாம்

சாமுவேல்: ராஷியும் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் இயேசுவே ஆலயத்தில் பரிசேயரிடம் அந்தச் சங்கீதத்தை வைத்துக் கேட்டார். கிறிஸ்து தாவீதின் குமாரன் என்றால், தாவீது அவரை ஆண்டவர் என்று சொல்வது எப்படி? மத்தேயு 22. ஒருவரும் பதில் சொல்லவில்லை. மேசியா தாவீதின் குமாரன் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை, அதைப் பார். அவர் அதற்கு மேலும் இருக்கிறார் என்பதுதான் இயேசு கேட்டதின் உள்ளர்த்தம். அப்புறம் பிரதான ஆசாரியனுக்கு முன்னால் நின்றபோது இதே சங்கீதத்தில் வருகிற, தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்காருவதையும், தானியேல் 7இல் வானத்து மேகங்களுடனே வருகிற மனுஷகுமாரனையும் சேர்த்துச் சொன்னார். மாற்கு 14. அவன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு தேவதூஷணம் என்றான். தன்னை ராஜா என்று சொல்லிக்கொண்டதற்கு மட்டும் அவன் வஸ்திரத்தைக் கிழித்திருப்பானா?

ஜெபா: ஆனால் இன்னும் யூதர்கள் ஒத்துக்கொள்ளவில்லையே

சாமுவேல்: இல்லை. அவர்களைத் தாழ்த்திப் பேசக் கூடாது, இந்த வசனங்களை எழுதி, காப்பாற்றி நமக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய பெரிய அறிஞர் மைமோனிடஸும் மேசியா மனுஷ ராஜா என்றே எழுதினார். நாம் உயிர்த்தெழுதலுக்கு இந்தப் பக்கம் நின்று படிக்கிறோம். எம்மாவுக்குப் போன சீஷர்களுக்கு ஆண்டவர் மோசே தொடங்கி எல்லாத் தீர்க்கதரிசனங்களையும் விளக்கிக் காண்பித்த பிறகுதானே அவர்களுக்கே புரிந்தது. பாடுபடுகிற தாசனைப் பற்றிய ஏசாயா 53ஐப் படித்த எத்தியோப்பிய மந்திரியும் பிலிப்புவிடம், தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்கிறார் என்றுதான் கேட்டான். கேட்கலாம் ஜெபா. நீ கேட்டது நல்லது.

எஸ்தர்: 53 பிற்காலத்தில் எழுதிச் சேர்த்தது என்று யாரோ சொன்னார்களே அத்தான்

சாமுவேல்: 1947இல் சாக்கடல் பக்கம் கும்ரான் குகையில் ஏசாயா சுருள் கிடைத்தது. இயேசு பிறக்க 100 வருஷத்துக்கு மேல் முன்பே எழுதப்பட்டது. 53ஆம் அதிகாரம் அதில் இருக்கிறது.

எஸ்தர்: 🙏

லில்லி: சரி, நல்லது. இப்போது அட்டை. 9:6தானே?

சாமுவேல்: அக்கா, 45:23 போடலாமே

லில்லி: பார், தொடங்கிவிட்டான். அன்றைக்கும் இப்படித்தான், அடக்க ஆராதனையில் நான் சங்கீதம் 90 என்று சொல்ல, நீ மாற்றினாய்

சாமுவேல்: அது போதகர் மாற்றியது

லில்லி: யார் சொல்லி?

ராஜன்: லில்லி, விடு

பிரின்சி: தாத்தாவின் பைபிள் யாரிடம் இருக்கிறது? அவர் பென்சிலால் கோடு போட்டிருப்பார், அதைப் பார்த்து முடிவு செய்யலாம்

எஸ்தர்: எங்களிடம் இல்லை

லில்லி: என்னிடமும் இல்லை. சாமு?

சாமுவேல்: நான் எடுக்கவில்லை அக்கா. நீதான் பெட்டியில் வைத்தாய்

லில்லி: எந்தப் பெட்டி??

ஜெபா: பாட்டியிடம் கேட்டேன். பைபிள் பாட்டி தலைமாட்டில்தான் இருக்கிறதாம். 9:6இலும் கோடு, மீகா 5:2இலும் கோடு. மீகா பக்கத்து ஓரத்தில் "அநாதி" என்று எழுதியிருக்கிறாராம்

சாமுவேல்: ஆமாம்! பெத்லெகேமில் பிறக்கிறவருடைய புறப்படுதல் அநாதி நாட்களாகிய பூர்வத்தினுடையது. அங்கே பிறந்தார், ஆனால் அங்கேதான் ஆரம்பித்தார் என்று சொல்ல முடியாது. அப்பா இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்

எஸ்தர்: அப்படியானால் மீகாவா?

லில்லி: 9:6. எல்லோரும் ஆமென் சொன்னீர்கள்

ராஜன்: நான் மட்டும்தான் சொன்னேன்

பிரின்சி: முன்பக்கம் 9:6, பின்பக்கம் மீகா. சரியா? பதில் வந்தால்தான் அனுப்புவேன்

சாமுவேல்: 9:7உம் சேர்த்தால்தான் 6 முழுமையாகும்

பிரின்சி: மாமா இடம் இல்லை

லில்லி: நான் அம்மாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன். யாரும் எதையும் அனுப்பாதீர்கள்

ஜெபா: பெரியப்பா, அந்த பிளினி கடிதத்தை என் நண்பனுக்கு அனுப்பலாமா?

சாமுவேல்: அனுப்பு. பிலிப்பியர் 2உம் ஏசாயா 45உம் சேர்த்து அனுப்பு. அவன் என்ன சொன்னான் என்று எனக்குச் சொல், தனியாகப் பேசலாம்

எஸ்தர்: படம்? கண்ணாடி போட்டதா, போடாததா?