கேனான் 200டி-க்கு 20,000 ரூபாய்க்குள் வைட் லென்ஸ்: 10-18 போதுமா, டோக்கினா தேடலாமா?

செங்காந்தள்:

வணக்கம். என்னிடம் இருப்பது கேனான் 200டி கேமரா, அதோடு வந்த 18-55 மிமீ எஸ்டிஎம் கிட் லென்ஸ். வால்பாறை, கொடைக்கானல் பக்கம் மலைக்காட்சிகள், தனுஷ்கோடி, செஞ்சிக் கோட்டை, இவைதான் எடுக்க நினைப்பது. 18 மிமீ-இல் அகலம் போதவில்லை. பட்ஜெட் 20,000 ரூபாய். பழசானாலும் பரவாயில்லை.

கேனான் 10-18 எஸ்டிஎம், டோக்கினா 11-16 எஃப்2.8, சிக்மா 10-20 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். பின்னாளில் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவுக்குப் போகும் எண்ணம் உண்டு என்பதால் பழைய கேனான் 17-40 எல் லென்ஸ் ஒன்றை இப்போதே வாங்கிவிடலாமா என்றும் யோசனை. கிட் லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் 0.45 எக்ஸ் வைட் கன்வர்ட்டர் ரொம்ப மலிவாகக் கிடைக்கிறதே, அது ஒத்து வருமா? நட்சத்திரம் எடுக்கவும் கொஞ்சம் ஆசை. ஆனால் முதல் தேவை அது இல்லை.

மலைமுகடு:

கன்வர்ட்டரை மறந்துவிடுங்கள். நடுவில் ஓரளவு தெளிவு இருக்கும்; மூலைகள் குழைந்துபோகும், வானத்துக்கு எதிரே நிற்கும் கிளைகளின் ஓரமெல்லாம் ஊதாவும் பச்சையுமாக நிறம் பிரியும். அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளை; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிது) எஃப்11-க்கு இறக்கினாலும் முழுசாகச் சரியாகாது.

17-40 எல் நல்ல லென்ஸ்தான், உங்கள் கேமரா பாடிக்குத்தான் பொருந்தாது. 200டி-யில் இருப்பது ஃபுல் ஃப்ரேமை விடச் சிறிய க்ராப் சென்சார்; லென்ஸின் மிமீ எண்ணை 1.6-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 17 மிமீ அதில் 27 மாதிரி வேலை செய்யும். கிட் லென்ஸின் 18 இப்போதே 29 மாதிரிதான் இருக்கிறது. அந்த 1 மிமீ வித்தியாசத்துக்கு பட்ஜெட் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதில்லை. ஃபுல் ஃப்ரேம் வாங்கும் நாளில் அதற்கான லென்ஸை வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் தேவைக்கு 10-18 எஸ்டிஎம்தான் என் தேர்வு. 2014-இல் வந்தது, எடை 240 கிராம், ஃபில்டர் அளவு 67 மிமீ. 18-இல் கிடைமட்டமாகச் சுமார் 64 டிகிரி அகலம் என்றால் 10-இல் சுமார் 96 டிகிரி. எஃப்8-இல் மூலை வரை நன்றாக வரும். குறை என்று பார்த்தால், கேமராவில் பொருந்தும் மவுண்ட் பிளாஸ்டிக், வெயில் மறைக்கும் ஹூட் பெட்டியில் வராது, ஈடபிள்யூ-73சி என்று தனியாக வாங்க வேண்டும், அபெர்ச்சர் எஃப்4.5-இல்தான் தொடங்குகிறது. லேண்ட்ஸ்கேப்பை எப்படியும் எஃப்8, எஃப்11-இல் எடுப்பதால் இந்தக் கடைசிக் குறை பகலில் தெரியவே தெரியாது. ஐஎஸ் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) இருப்பது பெரிய லாபம். கை நடுங்காதவர் 10 மிமீ-இல் 1/4 நொடி வரை டிரைபாட் இல்லாமல் முயலலாம்; ஓடைத் தண்ணீர் லேசாக இழைய அது போதும்.

சிக்மா 10-20-ஐ மோசம் என்று சொல்ல மாட்டேன். ஐஎஸ் கிடையாது, 77 மிமீ ஃபில்டர் வேண்டும் (எஃப்3.5 மாடலென்றால் 82), கனமும் கூட. 10-18-ஐ விடக் கணிசமாக மலிவாக வந்தால் மட்டும் பாருங்கள்.

ஒன்றை வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். "மலை முழுக்க அடங்க மாட்டேன் என்கிறது" என்று வைட் லென்ஸ் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அதே இடத்தில் நின்று 10-இல் எடுத்தால் எதிர்மலையின் உயரம் 18-இல் இருந்ததில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். மேலே வெறும் வானம், கீழே வெறும் தார்ச்சாலை. வைட் லென்ஸின் பலம் பக்கத்தில் இருக்கும் பொருளில்தான். காலடியில் ஒரு பாறை, ஓடைத் திருப்பம், தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதை என்று எதையாவது பிடித்து, அதற்கு அரை மீட்டர் வரை நெருங்கி, கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கி எடுங்கள். மலை தானாகப் பின்னணியில் உட்காரும். வால்பாறைக் காட்சிமுனையில் நின்று எதிரே உள்ள சரிவை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் உங்கள் 18-55-இன் 40, 50 பக்கமே அழகாக வரும்.

இரவுவானம்:

பகலுக்கு மலைமுகடு சொன்னதுதான் சரி. நட்சத்திர ஆசை நிஜமா இருந்தா மட்டும் டோக்கினா பக்கம் பாருங்க.

எஃப்4.5-க்கும் எஃப்2.8-க்கும் நடுவுல ஒளி ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 200டி மாதிரி 24 மெகாபிக்ஸல் க்ராப் பாடியில 10, 11 மிமீ-க்கு 20 நொடிக்கு மேல போனா நட்சத்திரம் கோடா இழுக்கும். அதே 20 நொடியில டோக்கினாவுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்திறன்) 2500 போதும்னா 10-18-க்கு 6400 வேணும். 6400-ல இந்த பாடியில நாய்ஸ் (மணல் தூவின மாதிரி புள்ளிகள்) நல்லாவே தெரியும். நாலஞ்சு ஃப்ரேம் எடுத்து அடுக்கி சராசரி பண்ணா சமாளிக்கலாம், ஆனா கம்ப்யூட்டர்ல வேலை ஜாஸ்தி.

டோக்கினாவோட வில்லங்கம் என்னன்னா, சூரியன் ஃப்ரேமுக்குள்ளயோ ஓரத்துலயோ இருந்தா ஃப்ளேர் (ஒளிச் சிதறல்) புள்ளி புள்ளியா வரும். தனுஷ்கோடி சூரிய உதயத்துக்கு இது தலைவலி. இலை, கம்பி ஓரத்துல நிறம் பிரியும். அதை ரா ஃபைல்ல (பதப்படுத்தாத மூலப்படம்) ஒரு டிக் போட்டு எடுத்துடலாம். ஐஎஸ் கிடையாது, எடை அரை கிலோவுக்கு மேல, 200டி-ல மாட்டினா முன்பக்கம் சாயும். ஜூம்னு பேர்தான், 11-க்கும் 16-க்கும் நடுவுல பெரிய தூரம் இல்ல.

இதைப் படிக்கிற நிக்கான்காரங்களுக்கு: 11-16 முதல் பதிப்புல மோட்டார் இல்ல, டி3000, டி5000 வரிசை பாடியில ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. டிஎக்ஸ் 2 பதிப்புதான் வேணும். நிக்கானோட சொந்த ஏஎஃப்-பி 10-20 விஆர் லேசு, ஆனா டி3200, டி5100, டி7000 மாதிரி பழைய பாடிகளோட சேராது. பாடியைப் பார்க்காம லென்ஸ் வாங்கிடாதீங்க.

ஒட்டுப்படம்:

லென்ஸ் வாங்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே. கையிலிருக்கும் 18 மிமீ-ஐ வைத்தே பல படங்களை எடுத்து ஒட்டி 100 டிகிரிப் படம் எடுத்துவிடலாம்.

கேமராவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் 45 டிகிரி அகலம். மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி 30 டிகிரி 30 டிகிரியாகத் திரும்பினால் மூன்று ஃப்ரேமில் 105 டிகிரி வந்துவிடும். ஓரம் வெட்டுவதற்கு நான்காவதாக ஒன்று எடுத்து வைப்பது நல்லது. எக்ஸ்போஷர் எம் (மேனுவல்) மோடில், ஒயிட் பேலன்ஸ் டேலைட்டில், ஃபோகஸ் எம்எஃப்-இல் (கையால் ஃபோகஸ்) பூட்டிவிடுங்கள். இதில் ஒன்றை ஆட்டோவில் விட்டாலும் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். ஒட்டுவதற்கு ஹியூகின் மென்பொருள் இருக்கிறது, இலவசம்.

இது தோற்கும் இடங்கள்: அலை, காற்றில் ஆடும் புல், ஒரு மீட்டருக்குள் இருக்கும் முன்னணிப் பொருள். கேமரா சுழலும்போது பக்கத்துப் பாறை பின்னணிக்கு எதிரே நகர்ந்துவிடுவதால் ஒட்டும் இடத்தில் இரட்டை விளிம்பு விழும். அதாவது தூர மலைத்தொடருக்கு இது 10-18-ஐ விட நல்லது, அகலம் மட்டும் 9,000 பிக்ஸல் பக்கம் கிடைக்கும். மலைமுகடு சொன்ன காலடிப் பாறைக்கு லென்ஸ்தான் வேண்டும்.

செங்காந்தள்:

எல்லோருக்கும் நன்றி. 10-18 என்று முடிவு செய்துவிட்டேன், நட்சத்திரம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழசாகத் தேடினால் நேரில் என்னென்ன பார்க்க வேண்டும்? ஃபோகஸ் எங்கே வைப்பது, ஃபில்டர் எதெல்லாம் அவசியம் என்பதும் தெரிந்தால் நல்லது. இதை ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் பிறகு மாட்ட முடியுமா?

பழையகண்ணாடி:

உங்கள் 200டி, சார்ஜ் ஏற்றிய பேட்டரி, கைப்பேசி டார்ச் மூன்றும் எடுத்துப் போங்கள். பாடி இல்லாமல் லென்ஸ் பார்க்கப் போவது வீண்.

முதலில் டார்ச். லென்ஸ் கழற்றிய நிலையில் அபெர்ச்சர் திறந்தேதான் இருக்கும். பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விட்டு முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் ஃபங்கஸ் (பூஞ்சை), விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நாலைந்து தூசி கிடந்தால் படத்தில் தெரியாது, அதை வைத்து விலை பேசலாம். முன்கண்ணாடியில் மெல்லிய கீறலை மன்னிக்கலாம். பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் படத்தின் தெளிவையே கெடுக்கும்.

இந்த லென்ஸில் ஃபோகஸ் வளையம் மோட்டார் வழியாகத்தான் வேலை செய்யும். கேமரா அணைந்திருக்கும்போது சுற்றினால் சும்மா சுழலும். அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். கேமராவை ஆன் செய்து எம்எஃப்-இல் வைத்து லைவ் வியூவில் (பின்திரையில்) பாருங்கள், வளையத்துக்கு ஏற்ப ஃபோகஸ் நகர வேண்டும்.

அடுத்து எஃப்4.5-இல் ஒன்று, எஃப்11-இல் ஒன்று எடுங்கள். திறந்த நிலையில் எடுக்கிறது, எஃப்11-இல் மட்டும் எர்ர் 01 என்ற பிழைச்செய்தி காட்டுகிறது என்றால் பெரும்பாலும் அபெர்ச்சர் பகுதிக்குப் போகும் ரிப்பன் கேபிள் போயிருக்கும். கடைக்காரர் "கான்டாக்ட்டைத் துடைத்தால் சரியாகிவிடும்" என்பார். அங்கேயே துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முக்கியமான சோதனை மூலைகளுக்கு. கீழே விழுந்த வைட் லென்ஸில் உள்கண்ணாடி ஒன்று மயிரிழை நகர்ந்திருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் மங்கும். 10 மிமீ, எஃப்5.6, நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் கட்டட வரிசை. லைவ் வியூவில் 10 மடங்கு பெருக்கி நடுவில் ஃபோகஸ் செய்து எடுங்கள். பிறகு நான்கு மூலையையும் பெருக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மென்மை என்றால் அது லென்ஸின் இயல்பு. இடது தெளிவு, வலது குழைவு என்றால் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து மறுபடி எடுங்கள். மங்கல் இப்போதும் படச்சட்டத்தின் அதே பக்கத்தில் இருந்தால் லென்ஸ்தான் காரணம், வாங்காதீர்கள். கிட்டத்துச் சுவரில் இந்தச் சோதனை செய்தால், கேமரா சற்றுக் கோணலாக இருந்தாலே ஒரு பக்கம் மங்கி உங்களை ஏமாற்றிவிடும்.

மலைமுகடு:

மிரர்லெஸ் கேள்விக்கு: கேனானின் ஈஎஃப்-ஆர்எஃப் அடாப்டரில் இது வேலை செய்யும், ஆனால் ஃபுல் ஃப்ரேம் பாடி தானாகவே க்ராப்புக்கு மாறிவிடும். 26 மெகாபிக்ஸல் ஆர்பி-இல் 10 மெகாபிக்ஸல்தான் மிஞ்சும். ஆர்50, ஆர்10 மாதிரி க்ராப் பாடி வாங்கினால் ஆர்எஃப்-எஸ் 10-18 தனியாக இருக்கிறது, 150 கிராம்தான்.

ஃபோகஸ்: 10 மிமீ, எஃப்8, லைவ் வியூவில் எம்எஃப், 2 மீட்டர் தொலைவில் உள்ள பொருள்மேல் வையுங்கள். அரை மீட்டர் முதல் தொடுவானம் வரை தெளிவாக வரும். எவ்வளவு தூரம் தெளிவாக வரும் என்று சொல்லும் அட்டவணைக் கணக்குப்படி 70 செ.மீ.-இல் வைத்தாலே போதும் என்று வரும். அது சின்ன பிரிண்ட்டுக்கான கணக்கு, திரையில் பெருக்கிப் பார்த்தால் தூர மலை சொதசொதவென்று இருக்கும். முன்னணிப் பொருள் இன்னும் பக்கத்தில் என்றால் எஃப்11. எஃப்16-க்கு மேல் போகாதீர்கள், சிறு துளையில் ஒளி விரிந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் படம் மொத்தமாக மழுங்கும். டிரைபாடில் நீண்ட எக்ஸ்போஷர் என்றால் ஐஎஸ்-ஐ ஆஃப் செய்துவிடுங்கள்.

செஞ்சியில் கல்யாண மகாலை 10-இல் அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வரும். கேமராவை மட்டமாக வைத்துப் பின்னால் தள்ளி நின்று எடுத்து, கீழே மிஞ்சும் தரையை வெட்டிவிடுங்கள். ஆட்களை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், முகம் இழுபட்டுப் போகும்.

ஃபில்டரில் போலரைசர் ஒன்று போதும், மெல்லிய விளிம்பு உள்ளதாக. ஈரப்பாறை, இலையின் பளபளப்பு, ஓடை நீர், இவற்றுக்குத்தான் அது. நீல வானத்துக்கு 10 மிமீ-இல் போட்டால் சூரியனுக்கு 90 டிகிரி பக்கம் மட்டும் கருநீலமாகவும் மற்ற இடம் வெளிறியும் நிற்கும். பிறகு சரிசெய்வது பெரும்பாடு. ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரில் வேரியபிள் வகையும் வேண்டாம், வைட் கோணத்தில் குறுக்கே எக்ஸ் வடிவக் கறை விழும். நிலையான 6 ஸ்டாப் (ஒரு ஸ்டாப்புக்கு ஒளி பாதியாகும்) என்டி ஒன்று பின்னால் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டர் மாட்டினால் 10-இல் மூலைகள் கறுக்கும், 12-க்கு நகர்த்திப் பாருங்கள். வானம் வெளுக்கிற இடங்களில் மேல்பாதி மட்டும் இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டருக்குப் பதில் ஏஇபி-யை (ஒளியளவை மாற்றி மாற்றி எடுக்கும் வசதி) 2 ஸ்டாப்பில் வைத்து மூன்று படம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

தனுஷ்கோடியில் மட்டும் சாதாரண யுவி ஃபில்டர் ஒன்றை மாட்டியே வையுங்கள். உப்புத் திவலை காய்ந்து படிகமானதும் துணியால் தேய்த்தால் கோட்டிங் கீறும். முதலில் புளோயரால் ஊதி, பிறகு நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். சூரியனை நோக்கி எஃப்11-இல் எடுக்கும்போது கண்ணாடியில் ஒரு சொட்டு இருந்தாலும் படத்தில் வெள்ளை வட்டமாகத் தெரியும், அதனால் நாலு படத்துக்கு ஒருமுறை பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில், ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறிவிட்டால் வறுத்துப் போட வேண்டும்.