சாறு இறக்க எந்தக் கரைப்பான்? ஆவியாகிவிட்டால் போதுமா?

தூறல்:
ரோஸ்மேரி இலையிலிருந்து வீட்டில் சாறு இறக்கப் போகிறேன், உள்ளுக்கு எடுக்கத்தான். கையில் இருப்பது பொருட்களைத் துடைக்க வாங்கிய 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இலையை ஊறவைத்து வடிகட்டி, தட்டில் ஊற்றி வைத்தால் எல்லாம் பறந்துவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

கல்லுப்பு:
தாராளமாக. ஐசோ 82 டிகிரியில் கொதிக்கும், மதுவில் இருக்கிற ஆல்கஹாலான எத்தனால் 78-ல். நாலு டிகிரிக்கு ஏன் இத்தனை பயம்? மருந்துகளில் தங்கும் கரைப்பான்களுக்கு, மருந்து விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐசிஎச் தந்த வழிகாட்டி இரண்டையும் ஒரே மூன்றாம் வகுப்பில்தான், அதாவது நச்சு குறைந்த வகுப்பில்தான் வைத்திருக்கிறது. நாளுக்கு 50 மில்லிகிராம் வரை ஏற்கிறார்கள்.

செம்பருத்தி:
எண்கள் சரி. ஆனால் அவை மருந்துத் தரத்தில் சோதித்த கரைப்பானுக்கு. துடைக்கிற பாட்டில் அந்தக் கணக்கில் வராது.

பறந்து போவது ஆல்கஹால்தான், அதில் கலந்து வந்த அழுக்கு அல்ல. ஒரு லிட்டர் ஐசோ சுமார் 785 கிராம் இருக்கும். அதை வற்றவிட்டு 5 கிராம் பிசின் எடுத்தால், லிட்டர் முழுக்கப் பரவிக் கிடந்த அழுக்கெல்லாம் அந்த 5 கிராமில் வந்து உட்காரும். 157 மடங்கு! நான் ஒருமுறை இலையே போடாமல், வெறும் ஐசோவை ஒரு கரண்டி கண்ணாடித் தட்டில் ஊற்றி உலரவிட்டேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மங்கலாக ஒரு வளையம். விரலால் தொட்டால் வழவழப்பு. அன்றோடு விட்டேன்.

கல்லுப்பு:
அது அந்த பாட்டிலின் கோளாறு. மிச்சம் இருந்தால் மோந்து பார்த்தாலே தெரியுமே?

செம்பருத்தி:
தெரியாது. ரோஸ்மேரிக்கே கற்பூர நெடி, அதற்குள் எதை மோப்பம் பிடிப்பது? பிசின் மேலே ஏடு கட்டிவிட்டால் உள்ளே சிக்கிய ஆல்கஹால் லேசில் வெளியே வராது.

தூறல்:
அப்படியானால் லைட்டரில் அடைக்கிற பியூட்டேன் வாயு? மைனஸ் அரை டிகிரியிலேயே கொதிக்கும், சுவடே இருக்காதாமே.

கல்லுப்பு:
வேண்டவே வேண்டாம். இதில் நானும் செம்பருத்தி பக்கம். கஞ்சா எண்ணெய் எடுக்கிறேன் என்று அதைத் திறந்து விட்டு, அமெரிக்காவில் வீடுகளே வெடித்திருக்கின்றன. காற்றைவிட இரு மடங்கு கனம், தரையோடு ஊர்ந்து போகும். காற்றில் 1.8 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பிரிட்ஜுக்குள் எழும் ஒரு பொறி போதும்.

செம்பருத்தி:
பெட்ரோலியக் கரைப்பானான ஹெக்சேனும் வேண்டாம், நரம்பைக் கெடுக்கும். உண்ணும் தரத்து எத்தனால் வாங்குங்கள். குடிக்க முடியாதபடி செய்த ஸ்பிரிட் கூடாது. அதில் மெத்தனால் இருக்கலாம், கண் பார்வையே போய்விடும். கசப்புக்குச் சேர்க்கிற டினட்டோனியமும் ஆவியாகாது. அப்புறம், எதற்காக வற்ற வைக்க வேண்டும்? வடிகட்டி அப்படியே சொட்டாக எடுக்கலாமே.

கல்லுப்பு:
எல்லோரும் ஆல்கஹால் தொடுவார்களா? அவர்களுக்கு எண்ணெய்தானே வழி?

செம்பருத்தி:
எண்ணெய் சரிதான், ஆனால் இலை சருகாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர இலையை எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைத்தால், காற்றில்லாத அந்த இடத்தில் பொட்டுலிசம் கிருமி வளரலாம். அதன் நஞ்சு மணத்திலோ ருசியிலோ தெரியாது.

தூறல்:
சரி, ஐசோ பாட்டில் துடைப்பதற்கே இருக்கட்டும். இலையைக் காய வைத்திருக்கிறேன். அந்தக் கண்ணாடித் தட்டுச் சோதனையை மட்டும் இன்றைக்கே செய்து பார்க்கிறேன்.