மருந்துச் செயலி: கான்ட்ராஇண்டிகேஷனுக்கு வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

கிராமச் சுகாதாரச் செவிலியர்களுக்கான மருந்துத் தகவல் செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பயன், அளவு, பக்கவிளைவு வரை சிக்கல் இல்லை. கான்ட்ராஇண்டிகேஷனில், அதாவது ஒரு மருந்தைத் தரக்கூடாது என்று சொல்லும் இடத்தில், கை நின்றுவிட்டது. பழைய கோப்பில் 'முரண் அறிகுறி' என்று இருக்கிறது. இரத்த அழுத்த மருந்தான எனாலாப்ரில் பக்கத்தைத் திறந்தால் 'முரண் அறிகுறி: கர்ப்பம்' என்று வருகிறது. இதை யார் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? திரையில் 12 எழுத்துக்குத்தான் இடம். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.
– செ.மு., திருச்சி

>> பழைய கோப்பில் 'முரண் அறிகுறி'

தம்பி, அறிகுறி நோயாளியிடம் தெரிவது. இங்கே பேச்சு மருந்தைக் கொடுக்கலாமா என்பது. 'கொடாநிலை' என்று வையுங்கள். ஓடாக் குதிரை போல, கொடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இன்னொன்றும் உண்டு. 'மாறுபாடு இல்லாத உண்டி மறுத்துண்ணின்' என்கிறது குறள் 945. உடலோடு மாறுபடாத உணவையும் அளவு மீறாமல் மறுத்து உண்ணச் சொல்கிறார். மாறு, மறு இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. அப்படியானால் 'மறுநிலை' இன்னும் சிறப்பு. மருந்து என்பதன் வேரையும் 'மரு'விலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்...
– புலவர் க.வே., தஞ்சை

ஐயா, மரு வேரை அப்புறம் பார்ப்போம். 'மறுநிலை' என்றால் என் மாணவிகள் மறுபடி கொடுக்கும் நிலை என்று படிப்பார்கள். பயமாக இருக்கிறது.

2023 ஆகஸ்டு முதல் 300 பிராண்டு மருந்துகளுக்குக் கியூஆர் குறியீடு கட்டாயம். அதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி நாள் எல்லாம் இருக்கும். யாருக்குத் தரக்கூடாது என்பது அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. அதற்கு இந்த மாதிரிச் செயலிதான் கதி. களத்தில் அவர்கள் சொல்வது 'இவங்களுக்கு இது ஆகாது'. அதனால் 'ஆகாமை' என்று வைக்கலாமே?
– செவிலியர் பயிற்றுநர், மதுரை

அக்கா, 'எனக்குப் பென்சிலின் ஆகாது' என்றால் ஊரில் ஒவ்வாமை என்றுதான் பொருள். இரண்டும் ஒரே திரையில் வந்தால் குழப்பம். 'யாருக்குத் தரக்கூடாது' என்று நேராகவே போடுங்கள், 11 எழுத்துதான்.
– மருந்தாளுநர், சேலம்

அது ஆளை மட்டும்தான் சொல்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு, ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் கூடாது என்பது இன்னொரு மருந்தோடு சேர்வதைப் பற்றியது. சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினைப் பாருங்கள்: சிறுநீரக வடிகட்டு அளவு (eGFR) 30-க்குக் கீழே போனால் அறவே கூடாது, 30 முதல் 45 வரை புதிதாகத் தொடங்குவதில்லை. முழு விலக்கு, சார்பு விலக்கு என்று பிரித்துச் சொல்லப் பெயர்ச்சொல் வேண்டும். என் வாக்கு 'விலக்குநிலை'.
– மரு. ந.இ., கோவை

1847-இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வேதியியல் நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். மாணவருக்கு விளங்குவதே அவருக்கு முதலாவது. கான்ட்ராஇண்டிகேஷன் என்று தமிழ் எழுத்தில் போட்டால் என்ன?
– சி.ப., யாழ்ப்பாணம்

ஐயா, கெமிஸ்தம் இன்று எங்கே இருக்கிறது? வேதியியல் அல்லவா நின்றது!
– க.வே.

சேலத்தாரின் 'யாருக்குத் தரக்கூடாது' என்பதைப் பெயர்ச்சொல்லாக்கி 'தரக்கூடாத நிலை' என்றும் பட்டியலில் சேர்த்தேன். செயலியின் நிரலரைக் கேட்டேன். தேடல் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் வேலை செய்யுமாம். 'விலக்குநிலை' சேர்ந்திருந்தால், இடம் விட்டு எழுதியவருக்குக் கிடைக்காது. 'தரக்கூடாத' என்பதில் ஒற்று விட்டாலும் அதே கதை. எந்தச் சொல்லை வைத்தாலும் மற்ற வடிவங்களையும் தேடலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இதுவரை 'தரக்கூடாத நிலை'க்கு நான்கு பேர், 'விலக்குநிலை'க்கு இரண்டு பேர், 'கொடாநிலை'க்கு ஒருவர். தலைப்பில் 'தரக்கூடாத நிலை' என்றே அனுப்புகிறேன். உள்ளே முழு விலக்கு, சார்பு விலக்கு என்று பிரித்திருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.
– செ.மு.

சரி தம்பி, அனுப்புங்கள். ஆனால் 'தரக்கூடாத நிலை' ஒரு விளக்கம், கலைச்சொல் ஆகாது. அடுத்த பதிப்புக்குக் 'கொடாநிலை'யைக் குறித்து வையுங்கள். மருவைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.
– க.வே.