தேயிலை விலை விழுந்த வருடங்களில் உங்கள் பக்கம் நடந்த ஸ்டிரைக்: அனுபவம் சொல்லுங்கள்

பந்தலூர் பெண்:
1999, 2000 வாக்கில் விலை விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டத்தில் முதலில் சம்பளம் தள்ளிப்போனது, அப்புறம் பாதியானது, அப்புறம் அதுவும் இல்லை. 1964 சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள்தான் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்க. ஸ்டிரைக் தொடங்கிய அன்று காலை சூப்பர்வைசர் வழக்கம்போல செக்ரோலை (வருகைப் பதிவேட்டை) விரித்துப் பேர் கூப்பிட்டார். பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, கூடையோடு வரிசையில்தான் நின்றார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். அடுத்த பேர் அவர் மனைவியுடையது. அந்த அக்கா என் அம்மா பக்கத்தில் நின்று அவரையே பார்த்தார். அவர் அந்தப் பேரைக் கூப்பிடவே இல்லை. நோட்டை மூடிவிட்டுப் போய்விட்டார். பயமா, மரியாதையா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கோத்தகிரிக்காரர்:
தோட்டத்து ஆட்கள் மட்டும் பட்டினி கிடந்த மாதிரி எழுத வேண்டாம். ரெண்டு ஏக்கர்க்காரனுக்கு ஸ்டிரைக் பண்ண முதலாளியே கிடையாது. குன்னூர் ஏலத்தில் விலை இறங்கினால் பாக்டரிக்காரர் எங்கள் தலையில் இறக்குவார். பச்சைத் தேயிலை கிலோ 5 ரூபாய்க்கும் கீழே போனபோது பறிகூலிக்கே கட்டவில்லை. போராட்டத்தில் கொழுந்தை ரோட்டில் கொட்டினோம். மூட்டையை அவிழ்க்கும்போது, அதைப் பறித்த அம்மா வந்து என் கையைப் பிடித்தார். "கொட்டுங்க தம்பி, என் கூலிய குடுத்துட்டுக் கொட்டுங்க." அப்பாவிடம் பணம் இல்லை. அப்புறம் எனக்குக் கோஷம் வரவில்லை.

பழைய யூனியன்காரன்:
லயம் லயமாக அரிசி வசூலித்துக் கஞ்சி காய்ச்சினோம், அவ்வளவுதான் என் கதை. ஆனால் இளம் பிள்ளைகள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி நட்டம் என்று சொன்னாலும் போனஸ் சட்டப்படி வருடச் சம்பளத்தில் குறைந்தது 8.33% கொடுத்தே ஆக வேண்டும், உச்சம் 20%. வேலையை விட்டு நிற்கும்போது தரும் கிராஜுவிட்டி தனி. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், வருடத்துக்கு 15 நாள் சம்பளம். ஆள் இறந்துவிட்டால் அந்த ஐந்து வருடக் கணக்கும் பார்க்கக் கூடாது, குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண் இரண்டையும் எறியாதீர்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கவே வைக்காதீர்கள். கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் மனு போடுங்கள், வாய்ப்பேச்சு செல்லாது.

பந்தலூர் பெண்:
நன்றி ஐயா. அம்மா கணக்கு முடிந்துவிட்டது, சித்திக்கு உதவும். கோத்தகிரி அண்ணா, ஸ்டிரைக் சமயத்தில் என் அம்மாவும் வெளியே ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் தோட்டங்களுக்குத்தான் பறிக்கப் போனார். அங்கேயும் பாக்கி நின்றது. உங்கள் கையைப் பிடித்த அந்த அம்மாவுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா? அதை நீங்கள் எழுதவில்லையே.