மகளுக்குச் சொன்ன மார்க்கம்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

மூத்தவள்:
எனக்குப் பருவம் வந்த அன்று உம்மா சொன்னதெல்லாம் கூடாது, கூடாது என்பதுதான். தொழக் கூடாது, நோன்பு வைக்கக் கூடாது, குர்ஆனைத் தொடக் கூடாது. எல்லாம் சட்டப்படி சரி. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அல்லாஹ்வே என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டான் என்றுதான் பட்டது. அழுதுகொண்டே படுத்துக் கிடந்தேன்.

அப்போது வாப்பா கதவைத் தட்டினார். அதற்கு முன் அவர் தட்டியதே இல்லை, திறந்துகொண்டு வந்துவிடுவார். அன்று வெளியே நின்று, "உள்ளே வரலாமாம்மா?" என்று கேட்டார். வந்து உட்கார்ந்தவர் ஹஜ் பயணத்தில் நபி (ஸல்) அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அழுத கதையைச் சொன்னார். மாதவிடாய் வந்துவிட்டதே என்று அவர்கள் அழ, "இது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது" என்று நபி (ஸல்) சொன்னார்கள். கஅபாவை வலம் வருவதைத் தவிர ஹாஜிகள் செய்யும் எல்லாவற்றையும் செய்யச் சொன்னார்கள். "பார்த்தியா, ஒன்றைத்தான் நிறுத்தினாங்க. துஆ (பிரார்த்தனை) கேட்பதை யாரும் நிறுத்தவில்லை" என்றார் வாப்பா.

கதவைத் தட்டியது ஏன் என்று பிறகு கேட்டேன். பிள்ளைகள் பருவம் அடைந்தால் அனுமதி கேட்டு வரட்டும் என்று குர்ஆனின் நூர் அத்தியாயத்தில் (சூரா நூர்) 59ஆவது வசனம் இருக்கிறது. அதை வாப்பா தன் மேலும் போட்டுக்கொண்டார். "நீ பெரியவளாகிவிட்டாய். இனி நானும் கேட்டுத்தான் வர வேண்டும்." எத்தனையோ பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்டிருக்கிறேன், பெண்ணுக்குக் கண்ணியம் என்றால் எனக்கு அந்தத் தட்டல்தான்.

இரு பிள்ளைகளின் அத்தா:
என் கதை சின்னது. மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பார்வையைத் தாழ்த்துவது பற்றிப் பேச ஆரம்பித்தேன். எழுந்து போய்த் தர்ஜமாவை (குர்ஆன் மொழிபெயர்ப்பை) எடுத்து வந்தாள். சூரா நூர் 30ஆவது வசனத்தில் விரலை வைத்து, "அத்தா, இது ஆண்களுக்குச் சொன்னது. எங்களுக்குச் சொன்னது அடுத்த வசனம். அண்ணன் எங்கே?" என்றாள். கோபமோ கிண்டலோ இல்லை, உண்மையாகவே கேட்டாள். மகனைக் கூப்பிட்டு அவள் பக்கத்தில் உட்கார வைத்தேன். இரண்டு வசனங்களையும் அவளே ஓதினாள். அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்று பெண்களின் உம்மா:
மூத்தவளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாப்பா அன்பானவர், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு தாயோடு நிற்பதுதான் அழகு. வெட்கம் ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளை என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. வாப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே அது கொஞ்சம் இருக்கட்டும்.

இங்கே படிக்கும் தாய்மாருக்குச் சொல்கிறேன். அந்த நாள் வரும் வரை காத்திருக்காதீர்கள், முன்னாலேயே பேசிவிடுங்கள். மாதவிடாய் முடிந்ததும் குளிக்க வேண்டிய குளிப்பு எப்படி என்று வாயால் சொன்னால் போதாது, வரிசையாகக் கற்றுக்கொடுங்கள். அந்த நாட்களில் விடுபட்ட தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டாம், விடுபட்ட நோன்பைக் களாச் செய்ய (பிறகு வைத்து ஈடுசெய்ய) வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பல வருட நோன்பைச் சுமக்கிற பெண்களை நான் அறிவேன். நாட்களைக் குறித்துவைக்கப் பழக்குங்கள். ரமளானில் பகலில் அவள் தண்ணீர் குடித்தால் வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்கக் கூடாது, இதைத் தம்பிமாருக்கும் சொல்லிவையுங்கள். அப்புறம், தொழாத நாட்களிலும் அந்தந்த வக்தில் (தொழுகை நேரத்தில்) கொஞ்ச நேரம் திக்ரில் (இறைநினைவில்) உட்காரச் சொல்லுங்கள், பழக்கம் விட்டுப்போகாது.

என் உம்மா எனக்குச் சொன்னது குர்ஆனில் வரும் ஞானி லுக்மான் தம் மகனுக்குச் சொன்னதைத்தான். கடுகு மணியளவு செயல் பாறைக்குள் இருந்தாலும் அல்லாஹ் அதை வெளியே கொண்டுவருவான். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சொன்னார். பயந்து போர்வைக்குள் ஒளிந்தேன். "தப்பை மட்டும் சொல்லலடி, நீ யாருக்கும் தெரியாம செய்யற நல்லதையும்தான்" என்று தலையைத் தடவினார்.

ஓதப் போகிறவள்:
மேலே எழுதிய உம்மாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. மதீனாவின் அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) புகழ்ந்தது எதற்கு? மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்குத்தானே? அவர்கள் போய்க் கேட்டது நபி (ஸல்) அவர்களிடம், ஓர் ஆணிடம். தாய் இல்லாத வீட்டில் வளரும் பெண் யாரிடம் கேட்பாள்? வாப்பா பேசத் தெரிந்தவராக இருந்தால் பேசட்டும்.

எனக்குப் பெண் கேட்டு வந்தபோது உம்மா தனியாக அழைத்து நபி (ஸல்) காலத்துப் பெண்ணான கன்ஸா பின்த் கிதாமின் சம்பவத்தைச் சொன்னார். அவருடைய விருப்பமில்லாமல் தந்தை திருமணம் செய்துவைத்தார். அவர் நபியிடம் முறையிட, அந்தத் திருமணம் ரத்தானது. புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. "வேண்டாம்னா இப்பவே சொல்லு, நான் அத்தாகிட்ட பேசறேன்" என்றார். வேண்டாம் என்றேன். வெளியே பெரியவர்கள் காத்திருந்தார்கள். உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேரே அவர்கள் முன்னால் போய் நின்றார்.

நடுப்பிள்ளை:
எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எனக்கு ஒன்று ஆறவில்லை. பரீட்சைக் காலத்தில் வீட்டு வேலை முழுக்க என் தலையில். அண்ணன் படுத்திருப்பான். முடியவில்லை என்று அழுதபோது உம்மா, "நபியோட மகள் ஃபாத்திமா நாயகி கை காய்க்க மாவரைச்சாங்க. பணியாள் கேட்டப்போ தஸ்பீஹ்தான் (இறைத்துதி) கிடைச்சது. நீயும் ஓது" என்றார். ஓதினேன், இன்றும் ஓதுகிறேன். ஆனால் வாயை அடைப்பதற்காக அந்தத் தஸ்பீஹ் கையில் கொடுக்கப்பட்டதே என்பது வலிக்கிறது.

மூத்தவள்:
நடுப்பிள்ளைக்கு: அந்த ஹதீஸை முழுதாகப் படியுங்கள். அன்றிரவு நபி (ஸல்) மகளின் வீட்டுக்கே வந்து, ஃபாத்திமாவிடமும் அவர் கணவர் அலீயிடமும் சேர்த்துத்தான் சொன்னார்கள். உறங்கப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவை. பெண்ணுக்கு மட்டும் சொன்னதல்ல. அதன் பிறகு ஒரு நாளும், ஸிஃப்பீன் போர் இரவில்கூட, அதை விட்டதில்லை என்று சொன்னவர் அலீ (ரலி). வீட்டில் நபி (ஸல்) என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னதும் புகாரியில்தான் இருக்கிறது. இரண்டையும் உம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஒன்றாக உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் வீட்டில் மூத்தவர் யாரையாவது படிக்கச் சொல்லுங்கள்.