கலை வகுப்பும் நரம்பியல் பன்மையும் (மூளை இயங்கும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது): குமரி மாவட்டத்து அனுபவங்கள்

ஓவிய ஆசிரியர், தக்கலை

கோடை விடுமுறையில் நான் நடத்தும் ஓவிய வகுப்புக்கு ஆட்டிசம் உள்ள 11 வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றப் பிள்ளைகளிடம் சொல்வதுபோலவே அவனிடமும் “உனக்குப் பிடித்ததை வரை” என்றேன். மூன்று நாள்கள் அவன் வெள்ளைத் தாளின் நான்கு ஓரங்களையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தான். அவனுக்கு வரைய விருப்பமில்லை என்று நானே முடிவுகட்டி, அவனுடைய அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சார், எங்க தொடங்கணும், எப்ப முடிக்கணும்னு சொல்லிப் பாருங்க” என்றார். மறுநாள் தாளின் நடுவே ஒரு கோடு போட்டு, “கோட்டுக்குக் கீழே ஒரு தென்னை மரம், பத்தரை மணிக்கு முடித்துவிடலாம்” என்றேன். பத்து இருபதுக்கே மரம் நின்றுவிட்டது. ஒவ்வொரு ஓலையும் எண்ணிச் செருகியதுபோல் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றேன். சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கிவிட்டால் அங்கே எழும் இரைச்சல் அவனுக்கு ஆகாது என்பதால் காலையில் கதவு திறக்கும் நேரத்திலேயே உள்ளே போனோம். செருப்பைக் கழற்றும் இடம், பூமுகம் என்னும் முகப்பு மண்டபம், நவராத்திரி மண்டபம், வெளியே வரும் வழி எல்லாவற்றையும் படமெடுத்து, வரிசையாக அட்டையில் ஒட்டி, இரண்டு நாள்களுக்கு முன்பே அவன் கையில் கொடுத்திருந்தேன். நவராத்திரி மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளும் கல்தூண்களை வரைந்தார்கள். அவனோ வெறுங்காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தான், பிறகு குப்புறப் படுத்தான், கன்னத்தை அந்தக் குளிர்ச்சியில் வைத்துக்கொண்டான். எரித்த தேங்காய்ச் சிரட்டையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றியது என்று சொல்லப்படும் அந்தக் கருந்தரை கண்ணாடிபோல் மின்னும். அவன் வரைந்தது தரையைத்தான். தாள் முழுக்கக் கரியைத் தேய்த்து, அழிப்பானால் தலைகீழ்த் தூண்களை எடுத்திருந்தான். இத்தனை ஆண்டுகளில் அந்த மண்டபத்துக்கு எத்தனையோ முறை போயிருந்தும், நான் ஒருநாளும் கீழே பார்த்ததில்லை.

பின்னர் ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தின் அடியில் “சிறப்புக் குழந்தையின் படைப்பு” என்று ஒரு சீட்டை ஒட்டியிருந்தார்கள். மற்றப் படங்களில் வரைந்தவரின் பெயர் மட்டுமே இருந்தது. அவனுடைய அம்மா நகத்தால் அந்தச் சீட்டைச் சுரண்டி எடுத்தார்.

ஒரு தாய், சுசீந்திரம் அருகே

என் மகளுக்கு எழுத்தைப் படிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் டிஸ்லெக்சியாவோடு, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும் அமைதியாக இருக்கவும் விடாத ஏடிஹெச்டியும் உண்டு. பாட்டு வகுப்பில் சேர்த்தபோது, வரிகளை நோட்டில் எழுதி வந்தால்தான் அடுத்த பாடம் என்று அந்த ஆசிரியை கூறிவிட்டார். இரண்டே மாதத்தில் பாட்டு என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளத் தொடங்கினாள். அதன் பிறகு எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டவள், அந்தக் குழுவை நடத்திப் பாடும் அண்ணாவியாரிடம் போய்த் தானே நின்றாள். அவர் பாட, இவள் திருப்பிப் பாட, காதால் கேட்டு வாயில் ஏறுவதுதான் அங்கே பாடம். தாளைக் காட்டாத ஒரு மரபு நம் வீட்டு வாசலிலேயே இருக்க, நான் வெளியே தேடி அலைந்திருக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியாதவள், கையில் ஜால்ரா இருக்கும்வரை இரண்டு மணி நேரம் உட்காருகிறாள்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும், டிஸ்லெக்சியா அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் இருக்கின்றன. ஏடிஹெச்டிக்குத் தனி இடம் இல்லை. தேர்வில் கூடுதல் நேரமும் எழுத்தரும் 17ஆம் பிரிவில் வருவது பலருக்குத் தெரியும். பண்பாடு, கலைப் பாடங்களையே இவர்கள் பங்கேற்கும் விதத்தில் மாற்றியமைக்க வேண்டும் என்று 29ஆம் பிரிவு கூறுவதை எந்தக் கலைப் பள்ளியிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சிற்பி, மயிலாடி

எங்கள் பட்டறையில் அதிகம் பேசாத தம்பி ஒருவர் ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறார். கட்டர் மெஷின் ஓடினால் அவர் இருக்க மாட்டார். ஆகவே மதியத்துக்கு முன் அறுப்பு வேலை, மதியத்துக்குப் பின் உளி வேலை என்று பிரித்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் எங்கள் காதுக்கும் அது நல்லதாகப் போயிற்று. பீடத்துத் தாமரை இதழ்களை அவர் கொத்தினால் முதல் இதழுக்கும் கடைசி இதழுக்கும் வித்தியாசம் காண முடியாது. ஒருமுறை அவர் முடித்த பீடத்தை அவரிடம் சொல்லாமல் லாரியில் ஏற்றிவிட்டேன். ஒன்பது நாள் அவர் உளியைத் தொடவில்லை. இப்போது எந்த வேலை என்றைக்குப் போகும் என்பதைச் சுவரில் கரியால் எழுதிவிடுகிறேன். கூலி மற்றவர்களுக்கு உள்ளதுதான். பாவம் பார்த்துக் கொடுப்பதல்ல.

வடிவமைப்பு மாணவி, நாகர்கோவில்

எனக்கு ஆட்டிசம் என்பது 22 வயதில்தான் உறுதியானது. மேலே எழுதியவர்கள் மீது மதிப்பு உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு பதிவிலும் பிள்ளைகள் ஏதோ ஒன்றில் மிகவும் தேர்ந்தவர்களாக இருக்கிறார்கள் என்று எழுத நினைத்தேன், பிறகு நான்காவது பதிவு என்னுடையது என்பது நினைவுக்கு வந்தது. நான் சுமாராகத்தான் வரைவேன். கல்லூரியில் எல்லார் முன்னிலையிலும் படத்தை மாட்டி விமர்சிக்கும் வகுப்பில், முகங்களைப் பார்த்துக்கொண்டே சொற்களையும் பிடிக்க என்னால் முடியாது. கருத்துகளை எழுதித் தருமாறு கேட்டேன். ஓர் ஆசிரியர், “எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்” என்றார். இன்னொருவர் அரைப் பக்கம் எழுதித் தந்தார், அதில் ஏழு குறைகள் இருந்தன. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன், ஏனெனில் என் படத்தை ஒருவர் படமாகப் பார்த்தது அன்றுதான். அபூர்வத் திறமை இருந்தால்தான் இடம் என்றால், என்னைப்போல் நடுவில் நிற்பவர்கள் எங்கே போவது?

ஓவிய ஆசிரியர், தக்கலை

தங்கையின் கேள்வி நியாயமானது. நான் தேர்ந்தெடுத்துச் சொன்னது ஒரு படத்தை. அதே பையன் அந்தக் கோடையில் வரைந்த மற்ற நாற்பது படங்களில் பெரும்பாலானவை ஒரே தென்னை மரம்தான், அவற்றையும் தேதி போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை மறுபடியும் அரண்மனைக்குப் போகலாம் என்று நேற்று வகுப்பில் அறிவித்தேன். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்று அவன் தலை நிமிராமல் சொன்னான். செவ்வாய்க்கு மாற்றி, அட்டையில் அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.