பின்பக்கத் தையல் மட்டும் கோணுகிறது, உதவுங்கள்

வணக்கம். தோல் பர்ஸ் ஒன்றைக் கையால் தைக்கிறேன். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராக விட்டு இழுக்கும் தையல்தான். நூல் 0.8 மி.மீ., மெழுகு பூசியது. 4 மி.மீ. இடைவெளியில் பற்கள் உள்ள உளியால் அடையாளம் வைத்து, குத்தூசியால் துளைத்தேன்.

முன்பக்கம் ஒவ்வொரு தையலும் அழகாகச் சாய்ந்து நிற்கிறது. திருப்பினால் சில நேராகக் கிடக்கின்றன, சில விளிம்பை நோக்கி ஓடுகின்றன. முதல் ஊசியை எப்போதும் முன்பக்கமிருந்தே விடுகிறேன். ஆனால் இரண்டாவது ஊசி அந்த நூலுக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்று இதுவரை பார்த்ததில்லை. கோணல் அதனாலா, அல்லது குத்தூசி சரிந்து இறங்குவதாலா? அப்புறம், தோலைக் கவ்விப் பிடிக்கும் மரக்கவ்வி இல்லாமல் குத்தூசியை நேராக இறக்க வழி உண்டா? பிரித்துவிட்டு மறுபடி தைக்கத் தயார். அதே துளைகள் தாங்குமா என்பதையும் சொல்லுங்கள்.